பெயர் தெரிந்தவர் இருக்கும்போதே எழுதி வைக்க வேண்டும்: அமெரிக்க மலை மாவட்டங்களில் உள்ளூர் வரலாற்றைக் காக்கும் சிறு சங்கங்கள்

அமெரிக்காவின் கெந்தக்கி மாநிலத்தில், ஹார்லன் மாவட்டத்து மலை இடுக்கில் லிஞ்ச் என்னும் சிற்றூர் உள்ளது. 1917ஆம் ஆண்டில் யூ.எஸ். ஸ்டீல் எஃகு நிறுவனத்தின் துணை நிறுவனம் ஒன்று நிலக்கரி எடுப்பதற்காகவே அந்த ஊரை உருவாக்கியது. குடியிருந்த வீடும் அரிசி பருப்பு வாங்கிய கடையும் மருந்து கொடுத்த மருத்துவமனையும் நிறுவனத்துக்குச் சொந்தம். வேலை போனால் வீடும் போகும். ஒரு காலத்தில் சுமார் 10,000 பேர் வாழ்ந்த அந்த ஊரில் இன்று ஆயிரம் பேர்கூட இல்லை.

சுரங்கம் மூடப்பட்டது, நிறுவனம் போய்விட்டது, பிள்ளைகள் வேலை தேடி நகரங்களுக்குச் சென்றுவிட்டனர். மிஞ்சியவை சில கட்டடங்களும் மலைச்சரிவில் உள்ள இடுகாடுகளும் வீட்டு அலமாரிகளில் கிடக்கும் பழைய புகைப்படங்களும்தான். அந்தப் படங்களில் நிற்பவர்கள் யார், எந்த ஊரிலிருந்து வந்தவர்கள், எந்த விபத்தில் இறந்தவர்கள் என்பதைச் சொல்லக்கூடியவர்களின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகிறது.

லிஞ்ச் போன்ற ஊர்கள் நிறைந்த வட்டாரம்தான் அப்பலேச்சியா. நியூயார்க் மாநிலத்தின் தெற்குப் பகுதியிலிருந்து மிசிசிப்பியின் வடக்குப் பகுதிவரை 13 மாநிலங்களைத் தொட்டுச் செல்லும் மலை வட்டாரம் அது. அங்கு ‘கவுண்டி’ எனப்படும் மாவட்டங்கள் பலவற்றில் ‘வரலாற்றுச் சங்கம்’ என்ற பெயரில் ஒரு சிறு அமைப்பைக் காணலாம். பெரும்பாலும் சம்பளம் வாங்கும் ஊழியர்கள் இருப்பதில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், சுரங்கத் தொழிலாளர்களின் பிள்ளைகள், தேவாலயத்தில் கணக்கு எழுதியவர்கள் என ஒரு சிலரே அதைத் தாங்கி நிற்கின்றனர். பழைய சிறைச்சாலை, மூடப்பட்ட வங்கி, கைவிடப்பட்ட ரயில் நிலையம் ஆகியவற்றில் ஏதோ ஒன்று அவர்களின் அலுவலகமாக இருக்கும். வாரத்தில் ஓரிரு நாள் கதவு திறந்திருக்கும்.

பார்ப்பதற்குப் பொழுதுபோக்குபோல் தெரியும் இந்த வேலையின் பயன் என்ன, அது எப்படி நடக்கிறது, எதனால் நின்றுபோகிறது?

அரசாங்கப் பதிவு போதாதா?

பிறப்பு, இறப்பு, திருமணம், நில உரிமை ஆகியவற்றை அரசாங்கம் பதிவு செய்கிறதே, தனியாக ஒரு சங்கம் எதற்கு என்று கேட்கத் தோன்றும். ஆனால் மலை மாவட்டங்களில் அந்தப் பதிவுகள் நாம் நினைக்கும் அளவுக்கு முழுமையானவை அல்ல.

கெந்தக்கியில் பிறப்பையும் இறப்பையும் மாநில அளவில் முறையாகப் பதிவு செய்யும் ஏற்பாடு 1911ஆம் ஆண்டில்தான் தொடங்கியது. மேற்கு வர்ஜீனியாவில் அது 1917. அதற்கு முந்தைய பத்திரங்களும் உயில்களும் திருமணப் பதிவேடுகளும் மாவட்ட நீதிமன்றக் கட்டடங்களில் இருந்தன. 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரின்போதும் பிற்காலத் தீவிபத்துகளிலும் அத்தகைய கட்டடங்கள் பல எரிந்தன. 1890ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏடுகளும் 1921இல் வாஷிங்டனில் ஏற்பட்ட தீயால் பெரும்பாலும் கடுமையாகச் சேதமடைந்தன. பிற்காலக் கணக்கெடுப்பு ஏடுகளில் உள்ள பெயர்களைப் பொதுமக்கள் பார்க்க 72 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். 1950ஆம் ஆண்டின் ஏடுகள் 2022இல்தான் திறக்கப்பட்டன.

இந்த இடைவெளியை நிரப்புபவை வீட்டுப் பொருள்கள். குடும்ப பைபிளின் முதல் பக்கங்களில் எழுதப்பட்ட பிறந்த தேதிகள், தேவாலய உறுப்பினர் பட்டியல்கள், சவ அடக்கம் செய்தவரின் கணக்குப் புத்தகம், பள்ளி வருகைப் பதிவேடு, நிறுவனக் கடையின் பற்று வரவுச் சீட்டு ஆகியவற்றை எந்த இலாகாவும் தேடி வந்து வாங்குவதில்லை. வீட்டில் பெரியவர் இறந்த பிறகு அலமாரியைக் காலி செய்யும் நாளில் அவை குப்பைக்குப் போகும். அந்த நாளுக்கு முன்பே போய்ச் சேர்வதுதான் உள்ளூர்ச் சங்கத்தின் முதல் வேலை.

பழைய தாளின் பலம்

பழைய தாள்கள் வெறும் நினைவுச் சின்னங்கள் அல்ல என்பதற்கு அப்பலேச்சியாவிலேயே சான்று உண்டு.

19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் நிலக்கரி நிறுவனங்களின் முகவர்கள் கிழக்குக் கெந்தக்கி விவசாயிகளிடம் நிலத்தடி உரிமையை ஏக்கருக்கு 50 காசு போன்ற அற்ப விலைக்கு வாங்கினர். மேல்நிலம் விவசாயியிடமே இருந்தது. கீழே உள்ள கனிமம் நிறுவனத்துக்கு. அந்தப் பத்திரத்தின் வாசகம், கனிமத்தை எடுக்கத் தேவையான எதையும் செய்யும் உரிமையை நிறுவனத்துக்குக் கொடுத்தது. பல பத்தாண்டுகள் கழித்து, மலையை மேலிருந்தே வெட்டி எடுக்கும் இயந்திரங்கள் வந்தபோது, நிறுவனங்கள் அதே பத்திரத்தைக் காட்டி வீட்டு வாசல்வரை தோண்டின. தாத்தா போட்ட கையொப்பத்தால் பேரன் நிலத்தை இழந்தான். நெடிய போராட்டத்துக்குப் பிறகு, 1988இல் கெந்தக்கி வாக்காளர்கள் மாநில அரசமைப்பைத் திருத்தி இதற்கு முடிவு கட்டினர்.

அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னர், 1979ஆம் ஆண்டு முதல், சாதாரணக் குடிமக்களும் ஆய்வாளர்களும் சேர்ந்து ஆறு மாநிலங்களின் 80 மாவட்டங்களில் நீதிமன்றக் கட்டடங்களுக்குச் சென்று நிலப் பதிவேடுகளையும் வரிப் பதிவேடுகளையும் பக்கம் பக்கமாகப் புரட்டினர். நிலத்தின், குறிப்பாகக் கனிமங்களின், பெரும்பகுதி அந்த மாவட்டத்தில் வசிக்காத வெளியாருக்கும் நிறுவனங்களுக்கும் சொந்தமாக இருப்பதையும், அவர்கள் செலுத்திய வரி மிகச் சொற்பம் என்பதையும் அந்த ஆய்வு வெளிப்படுத்தியது. பள்ளிக்கும் சாலைக்கும் பணம் இல்லாமல் போனதன் காரணம், யாரும் எடுத்துப் படிக்காமல் இருந்த ஏடுகளிலேயே எழுதப்பட்டிருந்தது.

சங்கம் எப்படி இயங்குகிறது?

ஒரு மாவட்ட வரலாற்றுச் சங்கம் தொடங்குவது கடினமன்று. சில பேர் கூடி, சட்டவிதிகளை எழுதி, தலைவர், செயலாளர், பொருளாளர் உள்ளிட்ட செயலவையைத் தேர்ந்தெடுத்து, மாநில அரசாங்கத்திடம் இலாப நோக்கமற்ற அமைப்பாகப் பதிவு செய்வார்கள். பிறகு மத்திய வருமான வரி இலாகாவிடம் ‘501(சி)(3)’ என்னும் பிரிவின்கீழ் வரி விலக்குத் தகுதி பெற வேண்டும். அந்தத் தகுதி கிடைத்தால்தான் நன்கொடை கொடுப்பவருக்கும் வரிச் சலுகை கிடைக்கும். பெரும்பாலான அறநிறுவன நிதிகளுக்கும் விண்ணப்பிக்க முடியும்.

கடினம் அதைத் தொடர்ந்து நடத்துவதில் இருக்கிறது. ஆண்டு வருமானம் பொதுவாக 50,000 டாலரைத் தாண்டாத சங்கம், ஒவ்வோர் ஆண்டும் இணையம்வழி ஒரு சிறு படிவத்தை மட்டும் நிரப்பினால் போதும். சில நிமிட வேலை. ஆனால் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் அதை அனுப்பத் தவறினால் வரி விலக்கு தானாகவே ரத்தாகிவிடும். இந்த விதியின்கீழ் 2011இல் முதன்முறையாகப் பட்டியல் வெளியானபோது நாடு முழுவதும் சுமார் 275,000 அமைப்புகள் தகுதியை இழந்திருந்தன. பொருளாளர் நோய்வாய்ப்படுவதும், அவர் வைத்திருந்த கடவுச்சொல் வேறு யாருக்கும் தெரியாமல் இருப்பதும் ஒரு சிறு சங்கத்தை முடக்கப் போதுமானவை.

வருமானத்துக்கு வழிகள் சில உண்டு. உறுப்பினர் சந்தா, காலாண்டு இதழ், இடுகாட்டுப் பட்டியல் நூல்கள், பழைய படங்களின் நகல் விற்பனை, குடும்ப மரபைத் தேடித் தருவதற்கான கட்டணம் ஆகியவை அவற்றுள் அடங்கும். செலவோ கூரை, மின்சாரம், காப்புறுதி என்று வந்துகொண்டே இருக்கும். லிஞ்ச்சுக்கு அருகில் உள்ள பென்ஹாம் ஊரில், நிறுவனக் கடையாக இருந்த பழைய கட்டடத்தில் கெந்தக்கி நிலக்கரிச் சுரங்க அருங்காட்சியகம் இயங்குகிறது. அதை நிர்வகிக்கும் சமூகக் கல்லூரி, மின் கட்டணத்தைக் குறைக்க 2017இல் அதன் கூரையில் சூரிய மின் தகடுகளைப் பொருத்தியது. நிலக்கரி அருங்காட்சியகத்துக்குச் சூரிய ஒளியில் மின்சாரமா என்று உலக ஊடகங்கள் வியந்தன. கட்டணம் கட்டுபவர்களுக்கு அது வெறும் வரவு செலவுக் கணக்கு.

பொருளை வாங்கும்போதே எழுத்து வேண்டும்

சங்கங்களில் மனக்கசப்பு வருவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான். ஒருவர் தம் தாத்தாவின் சுரங்க விளக்கையோ கடிதங்களையோ கொண்டுவந்து கொடுத்துவிட்டுச் செல்வார். அது அன்பளிப்பா, இரவலா என்று யாரும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள். இருபது ஆண்டுகள் கழித்து அவருடைய பிள்ளைகள் வந்து திரும்பக் கேட்கும்போது இரு தரப்பிலும் ஆதாரம் இருக்காது.

அதனால் அனுபவமுள்ள சங்கங்கள் அன்பளிப்பு ஒப்பந்தம் என்ற ஒரு பக்கத் தாளில் கையொப்பம் வாங்காமல் எதையும் ஏற்பதில்லை. கொடுத்தவர் யார், என்ன பொருள், எந்த நிபந்தனை, படங்களை வெளியிடும் உரிமை யாருக்கு என்பவை அதில் இருக்கும். ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் தரப்பட்டு, பதிவேட்டில் ஏறும். வேண்டாம் என்று சொல்லவும் தெரிந்திருக்க வேண்டும். எட்டாவது தையல் இயந்திரத்தை வாங்கி வைத்தால், ஒரே ஒரு பிரதியாக இருக்கும் சம்பளப் பதிவேட்டுக்கு இடம் இல்லாமல் போகும்.

எதை நினைவில் வைப்பது?

காகிதத்தைக் காப்பதைவிடக் கடினமான வேலை ஒன்று உண்டு. ஊர் மறக்க நினைத்ததை நினைவில் வைப்பது அது.

மேற்கு வர்ஜீனியாவின் மிங்கோ மாவட்டத்தில் உள்ள மேட்வான் ஊரில், 1920ஆம் ஆண்டு மே 19ஆம் தேதி, தொழிற்சங்கத்தில் சேர்ந்த தொழிலாளர் குடும்பங்களை நிறுவன வீடுகளிலிருந்து வெளியேற்ற வந்த தனியார் காவலர்களுக்கும் உள்ளூர்க் காவல் தலைவர் தரப்பினருக்கும் துப்பாக்கிச் சண்டை மூண்டது. ஊர் மேயர் உட்பட 10 பேர் மாண்டனர். மறு ஆண்டு, அண்டை மாவட்டமான லோகனில் உள்ள பிளேர் மலையில் ஏறத்தாழ 10,000 சுரங்கத் தொழிலாளர்கள் ஆயுதம் ஏந்திப் போராடினர்.

இந்த வரலாற்றைச் சொல்ல அதிகாரம் தயங்கியது. 1930களின் இறுதியில் மேற்கு வர்ஜீனியாவுக்கான வழிகாட்டி நூல் ஒன்று மத்திய அரசாங்கத் திட்டத்தின்கீழ் எழுதப்பட்டபோது, தொழிலாளர் போராட்டம் பற்றிய பகுதிகளுக்கு அப்போதைய ஆளுநர் ஹோமர் ஹோல்ட் எதிர்ப்புத் தெரிவித்தார். அவரது பதவிக்காலம் முடிந்த பின்னர் 1941இல்தான் நூல் வெளிவந்தது. பிளேர் மலைப் போர்க்களம் 2009இல் தேசிய வரலாற்று இடங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டு, அதே ஆண்டில் நீக்கப்பட்டது. வழக்குகளுக்குப் பிறகு 2018இல் மீண்டும் சேர்க்கப்பட்டது. மேட்வானில் இந்தப் போராட்டங்களுக்கென ஓர் அருங்காட்சியகம் 2015இல்தான் திறக்கப்பட்டது. அரசாங்கம் எடுத்து வைக்காததை ஊர்க்காரர்களும் தொழிற்சங்கத்தினரும் ஆசிரியர்களும் சேர்ந்து எடுத்து வைத்தனர்.

சிறிய ஊரில் இந்தக் கேள்வி வீட்டுக்குள்ளேயே வந்து நிற்கும். செயலவையில் ஒருவரின் தாத்தா வேலைநிறுத்தம் செய்தவராகவும் இன்னொருவரின் தாத்தா நிறுவனக் காவலராகவும் இருந்திருக்கலாம். இருவரின் படத்தையும் பெயரோடு வைப்பது, நடந்ததை நடந்தபடி எழுதுவது என்ற இரண்டு விதிகளைப் பிடித்துக்கொள்ளும் சங்கமே நீடிக்கிறது.

விடுபட்டவர்கள் யார் என்பதும் இதோடு சேர்ந்த கேள்வி. அப்பலேச்சியா என்றால் வெள்ளையர் மட்டுமே வாழும் மலை என்ற எண்ணம் பரவலாக உள்ளது. உண்மையில் தெற்கு மாநிலங்களிலிருந்து வந்த கறுப்பினத்தவரும் இத்தாலி, ஹங்கேரி முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்களும் நிலக்கரி ஊர்களில் பெருந்திரளாக உழைத்தனர். லிஞ்ச் வட்டாரத்திலிருந்து வெளியேறிய கறுப்பினக் குடும்பங்கள் ‘ஈஸ்டர்ன் கெந்தக்கி சோஷியல் கிளப்’ என்ற அமைப்பை உருவாக்கி, நகரங்களில் ஆண்டுதோறும் ஒன்றுகூடல் நடத்தி வந்துள்ளனர். அவர்களின் படங்களும் கதைகளும் இல்லாத மாவட்ட வரலாறு பாதி வரலாறுதான்.

பெயர் விடுபட்டால் என்ன ஆகும் என்பதற்கு மேற்கு வர்ஜீனியாவின் ஹாக்ஸ் நெஸ்ட் சுரங்கப் பாதை சாட்சி. 1930, 1931ஆம் ஆண்டுகளில் பாறையைக் குடைந்தவர்கள் சிலிக்கா தூசியைச் சுவாசித்து மாண்டனர். பெரும்பாலோர் வெளியூரிலிருந்து வந்த கறுப்பினத் தொழிலாளர்கள். இறந்தவர்கள் குறைந்தது 764 பேர் என்று பிற்கால ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. சரியான எண்ணிக்கை யாருக்கும் தெரியாது. அவர்களில் பலர் பெயர்க்கல் இல்லாத குழிகளில் புதைக்கப்பட்டனர். அக்காலத்தில் யாரோ ஒருவர் ஒழுங்காகப் பட்டியல் எழுதி வைத்திருந்தால், அவர்களின் பேரப்பிள்ளைகளுக்குக் கல்லறையாவது தெரிந்திருக்கும்.

இடுகாடும் வெள்ளமும்

அதனால்தான் மலைச் சங்கங்கள் இடுகாட்டுக் கணக்கெடுப்புக்கு இவ்வளவு முக்கியத்துவம் தருகின்றன. அங்கு பொது இடுகாட்டைவிடக் குடும்ப இடுகாடுகள் அதிகம். ஒரு மேட்டின்மீது பத்துப் பதினைந்து கல்லறைகள், சிலவற்றில் பெயரே இல்லாத ஆற்றுக் கல் மட்டும். நிலம் கைமாறி, காடு மூடி, சுரங்க வேலை நெருங்கும்போது அவை தடம் தெரியாமல் போகும். தொண்டூழியர்கள் இலையுதிர்ந்த குளிர்காலத்தில் மலையேறி, கல்லில் உள்ள எழுத்தைப் படியெடுத்து, இடத்தைக் கைத்தொலைபேசியில் குறித்து வருகின்றனர். தனியார் நிலத்துக்குள் இருந்தாலும் உறவினர்கள் கல்லறைக்குச் சென்று வர மேற்கு வர்ஜீனியாவின் சட்டம் உரிமை தருகிறது. ஆனால் கல்லறை எங்கே என்று தெரிந்தால்தான் அந்த உரிமையைப் பயன்படுத்த முடியும்.

மலை ஊர்களின் இன்னொரு பகை தண்ணீர். குறுகிய பள்ளத்தாக்கில் சமதரை என்பது ஆற்றோரம் மட்டுமே. ஆகவே கட்டடங்களும் அங்கேதான். 2022ஆம் ஆண்டு ஜூலை இறுதியில் கிழக்குக் கெந்தக்கியைத் தாக்கிய வெள்ளத்தில் 40க்கும் மேற்பட்டோர் மாண்டனர். வைட்ஸ்பர்க் ஊரில் 1969 முதல் மலைமக்களின் வாழ்க்கையைப் படமாகவும் ஒலியாகவும் பதிவு செய்துவரும் ‘அப்பல்ஷாப்’ அமைப்பின் காப்பகத்துக்குள் ஆற்று நீர் புகுந்தது. 1902இல் தொடங்கப்பட்ட ஹைன்ட்மன் பள்ளியின் ஆவணங்களும் நனைந்தன.

நனைந்த தாளில் இரண்டு நாளுக்குள் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கிவிடும். உடனே உலர்த்த முடியாதவற்றை உறைபனிப் பெட்டியில் வைத்தால் அழிவு நிற்கும். பிறகு ஆறுதலாக ஒவ்வொன்றாக உலர்த்தலாம். அந்த வெள்ளத்துக்குப் பிறகு சிறு சங்கங்களுக்கும் சில பாடங்கள் பழக்கமாகி வருகின்றன. ஆவணப் பெட்டியைத் தரையிலோ நிலவறையிலோ வைக்கக்கூடாது. மின்படியை வேறோர் ஊரில் உள்ள கல்லூரியிடம் கொடுத்து வைக்க வேண்டும். உறைபனிப் பெட்டி யாரிடம் உள்ளது என்பதை முன்கூட்டியே தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

அடுத்து யார்?

ஹார்லன் மாவட்டத்தில் 1940இல் 75,000 பேர் இருந்தனர். 2020இல் 27,000க்கும் குறைவு. மேற்கு வர்ஜீனியாவின் மெக்டவல் மாவட்டம் 1950இல் ஏறத்தாழ 99,000 பேரைக் கொண்டிருந்தது. 2020இல் சுமார் 19,000. இளையோர் வெளியேறும் மாவட்டத்தில், சங்கத்தின் சாவியை அடுத்து யாரிடம் கொடுப்பது என்பதுதான் எல்லாச் செயலவைக் கூட்டங்களிலும் எழும் கேள்வி.

இதற்குப் பழைய விடை ஒன்று ஜார்ஜியா மாநிலத்தின் ரேபன் மாவட்டத்தில் உள்ளது. அங்கு 1966இல் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் தங்கள் ஊர்ப் பெரியவர்களைப் பேட்டி கண்டு ‘ஃபாக்ஸ்ஃபயர்’ என்ற இதழைத் தொடங்கினர். மரவீடு கட்டுவது, பன்றி இறைச்சியைப் பதப்படுத்துவது, மூலிகை பறிப்பது எனப் பெரியவர்களின் கைவேலையை அவர்களின் பேச்சிலேயே எழுதினர். 1972இல் வெளிவந்த முதல் தொகுப்பு நூல் பெருமளவில் விற்றது. அந்த வருமானத்தில் நிலம் வாங்கி அருங்காட்சியகமும் அமைத்தனர். மாணவர்களிடம் பழம்பொருளைக் காட்டுவதற்குப் பதிலாக ஒலிப்பதிவுக் கருவியைக் கொடுத்ததுதான் அங்கு நடந்த மாற்றம்.

வெளியே போனவர்களும் ஒரு பலம். சொந்த ஊருக்குத் திரும்ப முடியாதவர்கள் சந்தா அனுப்புகின்றனர், படங்களை மின்படியாக்கித் தருகின்றனர், விடுமுறையில் வந்து ஒரு வாரம் பதிவேடுகளைத் தட்டச்சு செய்கின்றனர். எதுவுமே கைகூடாத நிலைக்கும் முன்னேற்பாடு உண்டு. சங்கம் கலைக்கப்பட்டால் அதன் பொருள்கள் எந்தக் கல்லூரிக்கோ நூலகத்துக்கோ போக வேண்டும் என்பதைச் சட்டவிதியிலேயே எழுதி வைக்கலாம்.

இவ்வளவு பெரிய வேலைகளுக்கும் அடிப்படை மிகச் சிறிய ஒரு செயல்தான். ஒரு பழைய படத்தையும் எழுபது, எண்பது வயதுப் பெரியவர் ஒருவரையும் மேசை முன் அமரவைத்து, இடமிருந்து வலமாக ஒவ்வொருவரின் பெயரையும் கேட்டு எழுதுவது. படத்தின் பின்புறம் மென்மையான பென்சிலால் ஓரமாக எழுத வேண்டும். பேனா மை ஊறி முன்பக்கம் தெரியும். ஒட்டுநாடா ஒட்டக்கூடாது. துருப்பிடிக்கும் தாள்கவ்விகளை எடுத்துவிட வேண்டும். பெயர், ஊர், தோராயமான ஆண்டு, சொன்னவர் யார் என்ற நான்கும் போதும்.

கட்டடம், வரி விலக்கு, சூரிய மின் தகடு எல்லாம் பிறகு வரலாம். பெயர் தெரிந்தவர் போய்விட்டால் அந்தப் படம் வெறும் படம்தான். அப்பலேச்சியச் சங்கங்கள் பட்டுத் தெரிந்துகொண்ட இந்தப் பாடம், அலமாரியில் பழைய படம் இருக்கும் எந்த வீட்டுக்கும் பொருந்தும். அதற்குச் சங்கம் வேண்டியதில்லை. ஒரு பென்சிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலும் போதும்.